மூன்று தெரு மேலே, ஒரு தெரு ஏரிப்பக்கம்

கண் விழித்தபோது மணி நான்கு இருபது. மூன்றரைக்கு நான் மகளை அழைத்துவரப் போயிருக்க வேண்டும்.

மனாகுவாவில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் அறை அது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஹிமேனாவின் முதுகுப்பை மட்டும் கிடந்தது. அவளுக்கு ஐந்து வயது. அவள் எங்கே என்று நினைவுக்குக் கொண்டுவரச் சிறிது நேரம் பிடித்தது.

அவளை ஒரு பெண்ணுடன் அனுப்பியிருந்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அன்று காலையிலிருந்துதான் தெரியும்.

டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் ஊர் டுரியால்பாவிலிருந்து நிகராகுவாவுக்கு மூன்று நாள் சுற்றுலா போவது வழக்கம். பேருந்து வைத்திருக்கும் டான் காஸ்பர் நடத்துவார். முதல் நாள் மாலை எரிமலை, மறுநாள் கிரனாடா, மூன்றாம் நாள் திரும்புதல். என் மனைவி யோர்லெனி ஏப்ரலில் இறந்தாள். அவள் தங்கை டமாரிஸ் எனக்கும் ஹிமேனாவுக்கும் இரண்டு இருக்கை பதிந்துவிட்டு வந்து சொன்னாள்: "மூணு நாளு இந்த வீட்டை விட்டு வெளிய போயிட்டு வாங்க. புள்ளைய இப்படி இருட்டுல வெக்காதீங்க." சரி என்றேன். எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிகராகுவாக்காரியான பெட்ரோனா வழியில் கார்த்தகோவில் ஏறினாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அங்கே ஒரு வீட்டில் பத்தொன்பது வருடமாகச் சமையல் வேலை. கன்னி மரியாளின் ஒன்பது நாள் ஜெபமான நவநாளுக்குத் தன் அக்கா வீட்டுக்கு மனாகுவா போகிறாள். எரிமலை பார்க்க அல்ல. எல்லையில் குழந்தையை வெளியே அழைத்துப்போகத் தாயின் சம்மதக் கடிதம் எங்கே என்று அதிகாரி கேட்டார். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அவர் அதை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த பெட்ரோனா, "கண்ணு, அங்க பாரு, நாய்க்குட்டி" என்று ஹிமேனாவின் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நாய்க்குட்டி எதுவும் இல்லை. அதன் பிறகு ஹிமேனா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

விடுதிக்கு வந்து சேர்ந்ததும் பெட்ரோனா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா வீட்ல ஒரு கிளி இருக்குப்பா. ஜெபம் முழுக்க மனப்பாடமா சொல்லும். ரெண்டு மணிக்குப் புள்ளைங்க ஜெபம், கரும்பு, மிட்டாய் எல்லாம் குடுப்பாங்க. பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன். மூன்றரைக்கு வந்து கூட்டிக்கோ."

சரி என்றேன். சுற்றுலா அறிவிப்புத் தாளின் பின்புறம் முகவரி எழுதி மேசையில் வைத்தாள். நான் படுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். கூடத்தில் எங்கள் ஆட்கள் எரிமலைக்குத் தயாராக நின்றிருந்தார்கள். எங்கள் தெருக்காரி டோன்யா ஹில்டா சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்தாள், மேலே குளிருமாம்.

"பாப்பா எங்கீங்க?"

"பெட்ரோனாவோட போயிருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேனுங்க."

"அந்த நிக்காக்காரியோடயா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க பேரு என்னங்க?"

"பெட்ரோனா."

"பெட்ரோனா என்ன?"

எனக்குத் தெரியவில்லை. டான் காஸ்பரைப் பார்த்தேன். அவர் தம் பட்டியலைப் புரட்டினார்.

"பட்டியல்ல இல்லீங்க. சலசார்னு ஒருத்தர் வரலீன்னு கடைசி நேரத்துல போன் பண்ணாரு, அந்த இடத்துல ஏத்துனேன். நம்பரும் வாங்கலீங்க."

"பாருங்க" என்றாள் ஹில்டா. "எங்க அண்ணன் வீட்டுல ஒருத்தி இருந்தா. நல்லவதான். ஒரு நாள் காலைல பாத்தா ஆளில்லை, கூடவே தையல் மெஷினும் இல்லை."

"தையல் மெஷின் வேற, கொழந்தை வேறங்க" என்றார் டான் காஸ்பர்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துவிடுவேன், அதற்கு மேல் போனால் எரிமலை வாயிலை மூடிவிடுவார்கள் என்றார் காஸ்பர். நீங்கள் போங்கள் என்றேன். வாசலில் ஹில்டா என் கையைப் பிடித்து, "அந்தச் சீட்டை வெளிய காட்டிட்டு நிக்காதீங்க, ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சிரும்" என்றாள். அவள் உண்மையாகவே பயந்திருந்தாள். அது எனக்குத் தொற்றிக்கொண்டது.

டாக்சிக்காரனிடம் முதல் வரியை மட்டும் சொன்னேன். "ரோசாலெஸ் சினிமா இருந்த இடத்துக்குப் போகணுங்க."

"டிக்கோவா நீ?" எங்கள் நாட்டுக்காரர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாங்க."

"அதான் இத்தனை 'ங்க'. உங்க ஊர்ல கோழியக்கூட மரியாதையாத்தான் கூப்பிடுவீங்களாமே."

பத்து நிமிடத்தில் ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தினான். சினிமா எங்கே என்று கேட்டேன். "பூகம்பத்துல போயிருச்சு. எங்கப்பாவுக்கே அப்பக் கல்யாணம் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இல்லாத ஒன்றை வைத்து வழி சொல்வது எனக்குப் புதிதல்ல. எங்கள் நாட்டிலும் எப்போதோ வெட்டிவிட்ட அத்திமரத்திலிருந்து வழி சொல்வோம். தாளை உள்ளங்கைக்குள் மறைத்துப் படித்தேன். ரோசாலெஸ் சினிமா இருந்த இடத்திலிருந்து மூன்று தெரு மேலே, ஒரு தெரு ஏரிப்பக்கம். பச்சைக் கதவு.

நான் படித்தது நில அளவை. ஆறு வருடமாக அதுதான் வேலை. ஒரு நிலத்தில் நின்றால் எது மேல், எது கீழ் என்று காலுக்கே தெரியும். மனாகுவா தெற்கே மலையிலிருந்து வடக்கே ஏரிக்குச் சரிகிறது. தெருமுனையில் ஏரி ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் மேடு. மூன்று தெரு ஓட்டமும் நடையுமாக மேடேறினேன்.

மூன்றாவது முனையில் மூச்சு வாங்க நின்று தாளை மறுபடி பார்த்தேன். ஒரு தெரு ஏரிப்பக்கம். ஏரி நான் ஏறிவந்த வழியில்தான் இருந்தது. மூன்று ஏறி, ஒன்று இறங்க வேண்டும். அப்படியானால் இரண்டு தெரு மேலே. ஏன் இரண்டு என்று எழுதவில்லை?

அப்போதுதான் பயம் முழுதாக வந்தது. இல்லாத சினிமாவிலிருந்து, போக முடியாத வழி. ஒரு வீட்டில் குடியிருப்பவர்கள் அந்த வீட்டுக்கு இப்படி வழி எழுத மாட்டார்கள். இது அவசரத்துக்கு எதையோ எழுதிக் கொடுத்த கை.

என்னிடம் இருந்தது ஒரு பெயர். பெட்ரோனா. அதுவும் அவளே சொன்னது.

பக்கத்துத் தெருவுக்குத் திரும்பி இறங்கினேன். பச்சைக் கதவு இல்லை. நீலம், துருப்பிடித்த கம்பிக்கதவு, கதவே இல்லாத ஒரு வீடு. ஒரு கதவைத் தட்டினேன். சட்டை போடாத ஓர் ஆள் வந்தான்.

"பெட்ரோனாங்களா?"

"என்னப் பாத்தா பெட்ரோனா மாதிரியா இருக்கு?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுல அந்தப் பேருல யாரும் இல்லப்பா" என்றான்.

எங்கோ பட்டாசு வெடித்தது. நவநாள் வெடி. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிறகு மேலும் ஒரு தெரு தள்ளிப் போனேன். அங்கே பச்சைக் கதவு இருந்தது.

கம்பிகளுக்கு இடையில் தகரம் வைத்து அடைத்த கதவு. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்தேன். சிமெண்டு முற்றம். காலி வாளி. அதன் அருகே குழந்தையின் இளஞ்சிவப்புச் செருப்பு ஒன்று, ஒற்றையாக, கவிழ்ந்து கிடந்தது.

அது ஹிமேனாவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் அவளுக்குக் காலணி மாட்டிவிட்டவன் நான்தான். குனிந்து, வார் இழுத்து, பொத்தான் போட்டது கைக்கு நினைவிருந்தது. அது செருப்பா ஷூவா, என்ன நிறம், எதுவும் நினைவில்லை. எட்டு மாதமாக அவளைத் தினமும் உடுத்தியிருக்கிறேன். ஒரு நாளும் பார்க்கவில்லை.

சங்கிலியைப் பிடித்து ஆட்டினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தகரத்தில் காலால் உதைத்தேன்.

"ராசா, அந்தக் கதவு உன்ன என்ன பண்ணுச்சு?"

எதிர்ப்பக்கம் சிறிய பெட்டிக்கடை. கம்பிவலைக்குப் பின்னால் இருந்த பெண் வெளியே வந்திருந்தாள். பருத்த உடம்பு, இடுப்பில் துண்டு.

"என் மக உள்ள இருக்கா."

"அந்த வீட்ல பல்லிதான் இருக்கு. அவங்க எல்லாம் மதகல்பா ஊருக்குப் போயி நாலு நாளாச்சு."

"அந்தச் செருப்பு?"

"அது அவங்க பொண்ணோடது. ஒரு மாசமா அங்கதான் கெடக்கு. உனக்கு என்ன ஆச்சு?"

மகளைக் காணவில்லை என்றேன். ஒரு பெண் கூட்டிக்கொண்டு போனாள் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது. இரண்டு மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"என்ன வயசு?"

"அஞ்சு."

"என்ன துணி போட்ருந்தா?"

பூட்டியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"நீ அப்பன்தான?" என்றாள் அவள். கேலியாக அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கடை ஓரத்தில் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழாமலே சொன்னார்: "டிக்கோ. நம்ம பொம்பளைங்கதான் அங்க போயி இவங்க புள்ளைங்கள வளக்குறாங்க. தொலைஞ்சா மட்டும் நம்மகிட்ட வந்து கணக்குக் கேக்குறாங்க."

"நீ சும்மா இரு, கான்டிடோ. ஆளு வெளுத்துப் போயி நிக்கிறான்." அவள் கையை நீட்டினாள். "வீட்டு விலாசம் எதாவது வெச்சிருக்கியா?"

ஹில்டா சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் தாள் நனைந்திருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கொடுத்தேன். அவள் தாளைத் தள்ளிப் பிடித்து இரண்டு முறை படித்தாள்.

"இது சுளுவான எடம்தான. இங்க எதுக்கு வந்த?"

"மூணு தெரு மேலே."

"மேலன்னா?"

மலையைக் காட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். பிறகு கிழவரிடம் திரும்பி, "கான்டிடோ, இவனுக்கு மேலன்னா மலையாம்" என்றாள். கிழவர் சிரித்தார். எட்டிப்பார்த்தவர்களும் சிரித்தார்கள். மகளைத் தொலைத்து நிற்கிறவனைப் பார்த்து இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவர்களில் ஒருவரை அடித்துவிடுவேன் என்று தோன்றியது.

அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். தெருவின் ஒரு முனையில் சூரியன் கூரைகளுக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருந்தது.

"அது எறங்குற பக்கம் கீழ. அது எந்திரிக்கிற பக்கம் மேல. மலைப்பக்கம்னா நாங்க மலைப்பக்கம்னே சொல்லுவோம். வெளங்குச்சா?"

"சூரியன் போனப்புறம் வந்தா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சூரியன் போனப்புறம் இங்க சுத்துறவனுக்கு ஊரு தெரிஞ்சிருக்கும். ஓடு. டயர் கடைக்குத் திரும்பிப் போ. சூரியன முதுகுல வெச்சுக்க. மூணு தெரு. அப்புறம் இடது கைப்பக்கம், ஏரியப் பாத்து ஒண்ணு."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. ஓடினேன்.

இறக்கத்தில் ஓடும்போது நெஞ்சு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. முகவரி உண்மையானது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அந்த முகவரியில் அவள் இருக்கிறாள் என்று இன்னும் தெரியாது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. டயர் கடையில் திரும்பினேன். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போயிற்று. ஒரு தெரு. இரண்டு தெரு. வாசல்களில் மரியாள் சிலைக்குத் துணி கட்டி, பூ வைத்து, விளக்குப் போட்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் குழந்தைகள். எந்த முதுகைப் பார்த்தாலும் அவளாக இருக்குமோ என்று நின்றேன். அவளை முதுகுப்பக்கம் எனக்கு அடையாளம் தெரியுமா என்பதுகூடச் சந்தேகமாகிவிட்டது.

மூன்றாவது முனையில் ஒருத்தி வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். துணி என்ன என்று இவளும் கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வெளியூருப் புள்ளையா? நாய்க்கு 'நீங்க' போட்டுச்சே, அதுவா?"

"நாய்க்கா?"

"இந்தா, இந்தச் சொறிநாய் வழியில படுத்திருந்துச்சு. அந்தப் புள்ள முன்னாடி நின்னு, 'கொஞ்சம் தள்ளிப் படுக்குறீங்களா'ன்னுச்சு. இந்த நாயப் பொறந்ததுலேர்ந்து யாரும் அப்படிக் கேட்டதில்ல. எந்திரிச்சு ஓடியே போச்சு."

"யாரோட இருந்தா?"

"பெட்ரோனாவோடதான். நம்ம லூசிலாவோட தங்கச்சி. இப்படி எறங்கு."

பெட்ரோனா என்று இன்னொரு வாயிலிருந்து கேட்டதும் அவளுடைய அடுப்பு மேசையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் தளும்பியது. அவள் திட்டினாள்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. பெட்ரோனா வாசற்படியில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"மூன்றரைன்னேன். இப்ப மணி என்ன? அத்தான ஹோட்டலுக்கு அனுப்பி வெச்சேன், நீ எப்பவோ கெளம்பிட்டேன்னு போன் பண்றாரு. எங்கதான் போன?"

"மேலே."

"எந்த மேல?"

மலைப்பக்கம் கையைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"பத்தொம்பது வருசம் உங்க ஊர்ல இருந்தும் எனக்கு உறைக்கலையே. அங்க வந்த புதுசுல என்னையும் இப்படித்தான் ஒருத்தி மேலன்னு சொல்லி அனுப்பினா, நான் சூரியனத் தேடிட்டு நின்னேன். ரொம்பப் பயந்துட்டியா?"

"ஆமா."

"எதுக்கு? எங்கிட்டத்தான இருக்கா."

நான் என்ன நினைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

உள்ளே பீடத்தின் முன்னால் வரிசையாகக் காலி நாற்காலிகள். ஜெபம் முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கிளி தூங்கிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் ஆடுகிற நாற்காலி ஒன்றில் ஹிமேனா உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல், கரும்பைச் சவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை.

"வந்துட்டீங்களா."

"நேரமாயிருச்சுங்க சாமி. வழி தப்பிப் போயிட்டேன்."

"பரவால்லீங்க." அவள் கரும்புச் சக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். பெட்ரோனாம்மாகிட்ட எனக்கு எந்தக் கட்டில்னு கேட்டுட்டேன். சன்னல் பக்கம் இருக்குல்லீங்க, அது."

"அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"ஏன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது என்று யோசிப்பது போலிருந்தது.

"அம்மாவும் வெள்ளிக்கிழமை வந்துர்றேன்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

தேடிய நேரம் முழுவதும் நான் பயந்தது ஒன்று, இங்கே கண்டது வேறு. அவள் பயப்படவே இல்லை. நான் வராமல் போவதற்கு ஐந்து வயதில் அவள் தயாராக இருந்தாள். படுக்க இடம்கூடப் பார்த்துவைத்துவிட்டாள். இதை யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் ஒரே வீட்டில் பக்கத்தில் இருந்துகொண்டே நான் வராமல் இருந்திருக்கிறேன்.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"இப்பங்க?"

"இப்பவும் இருக்கு."

அவள் என் கையையே பார்த்தாள். சக்கையை வைக்க இடம் தேடி, பெட்ரோனாவிடம் நீட்டினாள். பிறகு நாற்காலியின் ஒரு கைப்பிடியோடு ஒட்டி நகர்ந்தாள்.

"அப்ப இங்க வந்து உக்காருங்க."

அது ஒருவர் உட்காரும் நாற்காலி. எப்படியோ இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.